நட்டம் யாருக்கு என்று கேளுங்கள்

தொழிலுக்குக் காசு வேண்டுமென்றால் எந்த வங்கியில் வட்டி குறைவோ அங்கே போ. பங்காளியைச் சேர்த்தால் தொழிலும் கெடும், உறவும் கெடும். கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் இதை மறுத்துப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. சிறுதொழில் கருத்தரங்குகளில் இது பாடமாகச் சொல்லப்படுகிறது. தேர்தல் வந்தால் சலுகைக் கடன் என்ற வாக்குறுதியாகிறது. மாவடிப்பள்ளியில் நெல் வாங்கி விற்பவரும், சாய்ந்தமருதில் கடை போட நினைப்பவரும், மருதமுனையில் நாலு தறி வைத்திருப்பவரும் இதையே சொல்கிறார்கள். மார்க்கத்துக்காக வட்டியை ஒதுக்கியவர்கள்கூடக் கேள்வியை மாற்றிக்கொள்ளவில்லை. "மாதத் தவணை எங்கே குறைவு?" என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள்.

இந்தக் கருத்து பிழை. தொழிலில் போட்ட காசு நட்டப்பட்டால் அதை யார் தாங்குவது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வீதம் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வருவது. முதற் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் கேட்டதால்தான் இந்தக் கரையில் நல்ல வியாபாரிகள் பலர், தொழில் தெரியாமல் அல்ல, தவணை கட்ட முடியாமல் விழுந்தார்கள்.

எதிர்த் தரப்பின் நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவர் தொழிலின் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இலாபம் பத்து மடங்கானாலும் வங்கி ஒரு ரூபா கூடக் கேட்காது. கடன் ஒருநாள் கட்டி முடியும். பங்காளி கூடவே இருப்பார். வட்டியைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். கம்பனியின் பங்குக்காரருக்குக் கொடுக்கும் இலாபத்தை அப்படிக் காட்ட முடியாது. நாள்வட்டிக்காரரிடம் சிக்கிக் கிடந்தவர்களுக்கு வங்கிக் கடன் மெய்யான விடுதலையாக இருந்ததையும் மறுக்க முடியாது. இவ்வளவும் உண்மை. இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. தவணைத் திகதிக்கு வெள்ளமும் தெரியாது, வரட்சியும் தெரியாது.

மாவடிப்பள்ளியைச் சுற்றி வயல். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோக அறுவடை ஆவணியை ஒட்டி. விவசாயி, நெல் வாங்குபவர், மில்காரர், வெட்டு மெஷின் வைத்திருப்பவர், உரக் கடைக்காரர், இவர்களுக்கெல்லாம் உடுப்பு விற்பவர் என்று எல்லாருடைய கைக்கும் காசு வருவது அந்தச் சில கிழமைகளில்தான். தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை, ஒரே திகதி. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை விலகியபோது பெரும்போக வேலை தொடங்கிவிட்டது. 2022 தொடக்கத்து அறுவடை பல இடங்களில் பாதியாயிற்று. கடன் வாங்கி விதைத்தவர் அதில் செய்த பிழை என்ன?

2024 நவம்பர் வெள்ளம் இந்த வயல்களை மூழ்கடித்தது. அது மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளின் உயிரையும் கொண்டுபோனது. அந்த இழப்பின் பக்கத்தில் எந்தக் காசுக் கணக்கையும் நான் வைக்க மாட்டேன். தொழிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்படியான அழிவுக்குப் பிறகு வங்கி இரங்கினால் தவணையைத் தள்ளிவைக்கும். தள்ளிவைத்த மாதங்களுக்கும் பெரும்பாலும் வட்டி ஏறும். வயலில் போன காசில் ஒரு ரூபாவைக்கூட வங்கி தன்னுடைய நட்டமாக எழுதிக்கொள்ளாது. கடன் என்ற ஒப்பந்தத்தின் இயல்பு அது. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

2. "கடனின் செலவு முன்கூட்டியே தெரியும்" என்று சொல்ல 2022-ஐ மறந்திருக்க வேண்டும்.

வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வீதம் 2020 இறுதியில் 6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 இறுதியில் அது 27 சதவீதம் அளவுக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 8-ஆம் திகதி ஒரே நாளில் மத்திய வங்கி தன் கொள்கை வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. முதல்தர வாடிக்கையாளருக்கே அந்த நிலை என்றால் கல்முனைக் கடைக்காரரின் ஓவர்டிராஃப்ட் என்ன ஆகியிருக்கும்? மாறும் வீதத்தில் கடன் எடுத்தவர்கள் தாங்கள் கையெழுத்திட்ட பத்திரத்திலேயே அந்த ஏற்றத்துக்குச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். மறுபக்கம், 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஈட்டுக் காணியை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. பராட்டே என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். நாடெங்கும் தொழில்செய்வோர் போட்ட கூச்சலால் 2024-ல் பாராளுமன்றம் அந்த அதிகாரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. செலவு முன்கூட்டியே தெரிந்த, பாதுகாப்பான ஒன்றுக்காக யாரும் பாராளுமன்றத்தின் கதவைத் தட்ட மாட்டார்கள்.

3. கடன் கிடைக்காததுதான் நோயா? கடனை அள்ளிக் கொடுத்துப் பார்த்தாயிற்று.

நுண்கடன் கம்பனிகள் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்தன. 2018-ல் அரசு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இடியப்பம் அவித்து விற்பவரின் வருமானம் மழை பெய்த கிழமையில் பாதியாகும். தவணை வாங்க வருகிறவர் முழுத் தொகைக்குத்தான் வருவார்.

4. "பங்கு விலை கூடியது, கடன் மலிவு." இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

மருதமுனையில் கைத்தறிப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நூலுக்கும் புதுத் தறிக்கும் 20 இலட்சம் வேண்டும். 16 சதவீதத்தில் நாலு ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 56,700 ரூபா; ஆண்டுக்கு 6 இலட்சத்து 80 ஆயிரம்; நாலு ஆண்டில் 27 இலட்சத்து 20 ஆயிரம். பட்டறை நல்ல ஆண்டில் 12 இலட்சமும் கெட்ட ஆண்டில் 3 இலட்சமும் மிச்சம் பிடிக்கிறது என்று வையுங்கள். மூன்று ஆண்டு நல்லது, ஒன்று கெட்டது.

அதே 20 இலட்சத்தை ஒருவர் பங்காகப் போட்டு, இலாபத்தில் 40 சதவீதம் என்று எழுதிக்கொண்டால் அவருக்கு நல்ல ஆண்டில் 4 இலட்சத்து 80 ஆயிரமும் கெட்ட ஆண்டில் ஒரு இலட்சத்து 20 ஆயிரமும் போகும். நாலு ஆண்டில் 15 இலட்சத்து 60 ஆயிரம். அவருடைய 20 இலட்சம் இன்னும் தொழிலுக்குள்ளேதான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்து அவரை அனுப்பினால் மொத்தம் 35 இலட்சத்து 60 ஆயிரம். ஆக, பங்கு 8 இலட்சத்து 40 ஆயிரம் விலை கூடியதுதான். எதிர்த் தரப்பு இந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறது. நான் மூட மாட்டேன்.

அந்தக் கெட்ட ஆண்டைத் திறந்து பாருங்கள். மிச்சம் 3 இலட்சம், தவணை 6 இலட்சத்து 80 ஆயிரம். 3 இலட்சத்து 80 ஆயிரம் குறைகிறது. அது முதலாம் ஆண்டாக இருந்தால் சேமிப்பும் இருக்காது. அந்தத் தொகை வருவது மனைவியின் நகையிலிருந்து. அடகு வட்டி தனி. நகை போதாவிட்டால் நூல் வாங்க வைத்திருந்த காசிலிருந்து. நூல் இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் நோன்பு காலத்து வியாபாரம் போகும். வரவிருந்த நல்ல ஆண்டும் கெட்டுவிடும். பங்காளியின் காசில் ஓடும் பட்டறை அதே ஆண்டில் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்தைக் கொடுத்துவிட்டுத் தறியை ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கெட்ட ஆண்டுகள் சேர்ந்து வந்து மூலதனமே கரைந்தால், கரைந்ததில் அவர் போட்ட பங்கு அவருடைய நட்டம். காணி ஏலத்துக்கு வராது. 8 இலட்சத்து 40 ஆயிரம் அதற்கான விலை. வீட்டுக் காப்புறுதிக்குக் காசு கட்டியவர், வீடு எரியாததால் அந்தக் காசு வீண் என்று சொல்வதில்லை.

கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஓட்டம் உறுதியாகிவிட்ட லொறிக்கு லீசிங் எடுப்பதும், வாங்குபவர் தெரிந்த நெல்லுக்கு இரண்டு மாதக் கடன் எடுப்பதும் சரியே. வருமானம் நிச்சயமான இடத்தில் கடன் பொருந்தும். புதுத் தொழிலுக்கும், போகத்தையும் பருவத்தையும் நம்பிய தொழிலுக்கும் அடித்தளமாகக் கடனை வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

5. பங்காளிச் சண்டை பங்கால் வருவதில்லை, எழுதாததால் வருகிறது.

இந்த ஊர்களில் கூட்டு வியாபாரம் எப்படித் தொடங்குகிறது? மச்சானும் மச்சானும் கடை வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். ஒருவர் காசு, மற்றவர் உழைப்பு. உழைப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டா, கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமானுக்குக் கணக்கு உண்டா, மூன்றாம் ஆண்டில் ஒருவர் விலக நினைத்தால் கடையின் பெறுமதியை யார் தீர்மானிப்பது என்று எதுவும் பேசப்படாது. பேசினால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்ற கூச்சம். ஐந்து ஆண்டு கழித்து அதே கேள்விகள் பள்ளிவாசல் நிருவாகத்தின் முன்னால் சண்டையாக வந்து நிற்கும். அதைப் பார்த்தவர்கள் பங்கே ஆகாது என்று முடிவு கட்டுகிறார்கள். வங்கிக் கடன் சண்டையில்லாமல் போவதற்குக் காரணம் கேளுங்கள்: வங்கி பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறது. அதே எழுத்தைப் பங்காளிக்கு ஏன் மறுக்க வேண்டும்?

சட்டமும் எழுதத்தான் சொல்கிறது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டிய கூட்டு வியாபாரத்தை நிலைநாட்ட எழுத்தும் கையொப்பமும் வேண்டும். இன்று ஆயிரம் ரூபாவுக்கு ஒரு தேநீர்க்கடையும் தொடங்க முடியாது. ஆகவே நம் ஊரின் வாய்ப்பேச்சுக் கூட்டு ஒவ்வொன்றும் சட்டத்தின் முன் கால் ஊன்ற இடமில்லாமல் நிற்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைக்கக் கட்டளையிட்ட மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள், கூட்டு வியாபாரத்தை எழுதுவதை அவமரியாதை என்று நினைப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எழுத்தோடு இன்னொன்றும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு வியாபாரம் கலைகிறது. இறந்தவரின் சொத்து 1931-ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பிரிகிறது. கடையைப் பிரிக்க முடியாது, ஆகவே விற்கிறார்கள். இந்தக் கரையில் இரண்டாம் தலைமுறைக்குப் போகாமல் முடிந்த கடைகளில் எத்தனை இப்படி முடிந்தன என்று ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைச் சொல்லும். 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஐம்பது பங்குதாரர் வரை தனியார் கம்பனி தொடங்க வழி வைத்திருக்கிறது. கம்பனியில் பங்குகள்தான் வாரிசுகளிடையே பிரியும். பட்டறை பிரியாது, தறி ஓடும். மார்க்கம் சொன்ன பங்கீடும் நடக்கும், தொழிலும் நிலைக்கும்.

பங்கு நமக்குப் புதிய வழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் கூலிக்கு இழுப்பதில்லை. செலவு கழித்து மிஞ்சியதில் தோணி, வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. மீன் படாத நாளில் எல்லாருக்கும் இல்லை. வயலில் வாரக் குடி அதே முறை. நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரழி) அவர்களின் முதலுக்கு வியாபாரம் செய்துகொடுத்தது இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. அந்த முதல் தவணைக்குக் கொடுத்த கடனாக இருக்கவில்லை.

6. "இஸ்லாமிய வங்கி வந்துவிட்டதே, இனி என்ன?" கேள்வி அங்கும் தீரவில்லை.

இலங்கையில் 1997-ல் அமானா முதலீட்டு நிறுவனம் தொடங்கியது. 2005-ல் வங்கிச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. 2011-ல் அமானா வங்கி வந்தது. ஏனைய வங்கிகளும் தனிப் பிரிவுகள் வைத்தன. வட்டியிலிருந்து தப்ப விரும்பியவர்களுக்கு இது பெரிய காரியம். எது ஹலால் என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. அதில் நான் நுழையவில்லை. தொழில்செய்பவரின் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் கேட்கிறேன். உலகெங்கும் இஸ்லாமிய வங்கிகள் தொழிலுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி முராபஹாவாகவும் இஜாராவாகவும் போகிறது. வங்கி பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கிறது, அல்லது வாடகைக்கு விடுகிறது. ஒப்பந்தம் வேறு, முராபஹாவில் வீதம் நடுவில் ஏறாது என்பது நல்ல விஷயம். ஆனால் போகம் பொய்த்தாலும் தவணை நிற்காது. சேமிப்பவரிடம் வாங்கும்போது முழாரபா, அதாவது இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு. தறிக்காரருக்குக் கொடுக்கும்போது மட்டும் முழாரபா ஏன் அரிதாகிறது? சேமித்த விதவைப் பெண்ணால் தாங்க முடியும் என்று எழுதி வாங்கிய ஆபத்தை வங்கியால் தாங்க முடியாதா?

முடியும் என்று தொடங்கியவர்கள் இருந்தார்கள். எகிப்தில் நைல் கழிமுகத்தின் விவசாய ஊரான மித் கம்ரில் 1963-ல் அஹ்மத் அந்-நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, ஊராரின் சிறு சேமிப்பைத் திரட்டி அதே ஊரின் தொழில்களில் பங்காகப் போட்டது. அரசு சில ஆண்டுகளில் அதைப் பெரிய வங்கிகளுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு வந்த இஸ்லாமிய வங்கி முறை தன் தொடக்கமென்று காட்டுவது அந்தச் சிற்றூரைத்தான். அங்கே செய்த வேலையைத்தான் குறைத்துக்கொண்டது.

7. "பங்கு போட இங்கே காசு ஏது?" காசு மாடி வீடாக நிற்கிறது.

வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்தவர்களின் காசு, அரச உத்தியோகத்தர்களின் ஓய்வூதியத் தொகை, வைத்தியர்களின் சேமிப்பு எல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. அது காணியாகிறது, மேல்மாடியாகிறது, தங்கமாகிறது. ஏற்கெனவே நெருக்கமான ஊரில் எல்லாரும் காணி வாங்கினால் காணி விலை ஏறும். ஒரு வேலைவாய்ப்பும் வராது. அந்தக் காசு பட்டறைக்கு வராததற்குக் காரணம் பயம். பயத்துக்கு நியாயமும் உண்டு. கொழும்பில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் வைப்புத் திரட்டி 2008 டிசம்பரில் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். எகிப்தில் மார்க்கத்தின் பெயரால் பெரிய இலாபம் காட்டிக் காசு திரட்டிய கம்பனிகளில் பெரியதான அர்-ரய்யான் 1988-ல் விழுந்தது. மாதா மாதம் நிச்சய இலாபம் தருவேன் என்று ஊரெல்லாம் காசு சேர்ப்பவர் பங்காளி ஆகார்; அனுமதியில்லாமல் வைப்பு வாங்குவதை 2011-ஆம் ஆண்டின் 42-ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நான் கேட்பது வேறு. ஒருவரையொருவர் அறிந்த ஐந்து, பத்துப் பேர், பதிவு செய்த கம்பனி, ஆண்டுக்கொரு கணக்காய்வு, பட்டறைக்குள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கும் உரிமை.

8. கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத காரணம்: பங்காளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கடன் பிடித்திருப்பதற்கு ஆழமான காரணம் இதுதான் என்று நம்புகிறேன். தவணை ஒழுங்காகப் போனால் வங்கி விற்பனைப் புத்தகத்தைக் கேட்காது. பங்காளி கேட்பார். வரித் திணைக்களத்துக்கு ஒரு புத்தகம், வீட்டுக்கு ஒரு புத்தகம் என்று வைத்திருப்பவரால் அவருக்கு எதைக் காட்ட முடியும்? ஆனால் கணக்கில்லாத தொழிலுக்கு வங்கியும் கணக்கை நம்பிக் கடன் கொடுப்பதில்லை. காணியை நம்பியே கொடுக்கிறது. வியாபாரப் புத்தகத்தை மறைத்தவர் கடைசியில் காணி உறுதியைக் கொண்டுபோய் வைக்கிறார். வாப்பாவின் காணி இல்லாத இளைஞருக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த வாசல் திறப்பதில்லை. உறுதி உள்ள குடும்பத்துப் பிள்ளை கடைமேல் கடை போடுகிறது. உறுதி இல்லாத பிள்ளை அதே கடையில் கூலிக்கு நிற்கிறது அல்லது கட்டாருக்கு விமானம் ஏறுகிறது.

வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இன்னொரு கடன் மேளாவுக்கு வங்கியை அழைக்குமுன் ஒரு கணக்காளரையும் ஒரு சட்டத்தரணியையும் அழைத்து, பத்துத் தறிக்காரருக்கும் பத்து நெல் வியாபாரிக்கும் ஒரு ஆண்டுக் கணக்கை ஒழுங்காக எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கை ஓய்வூதியம் பெற்று ஊரோடு இருப்பவர்களின் முன்னால் வைத்து, எத்தனை பேர் காணி வாங்குவதை ஒரு ஆண்டு தள்ளிப்போடுவார்கள் என்று கேட்கட்டும்.